வெள்ளைக் கிரானைட் தளத்தில் பழுப்புக் கறை: ஒரு திருமண மண்டபத்தில் நடந்ததைக் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்ட நகரம் ஒன்றில் இருக்கும் பழைய திருமண மண்டபத்தின் சிவப்பு ஆக்சைடு தரையைப் பெயர்த்துவிட்டு, வெள்ளைக் கிரானைட் பதிப்பது என்று அதன் உரிமையாளர் முடிவு செய்தார். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்பதால் அந்த ஒரு மாதத்துக்குள் வேலையை முடித்து, ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம். அந்த அவசரம் பின்னால் நடந்தவற்றில் ஓரளவு பங்கு வகித்தது.

தேர்ந்தெடுத்த கல் மதுரை வட்டாரக் குவாரி ஒன்றில் வெட்டப்பட்டது. கடையில் ‘காஷ்மீர் வைட்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. வெண்மையும் சாம்பலும் கலந்த பரப்பில் மிளகளவுச் செந்நிறப் புள்ளிகள் சிதறியிருக்கும் இந்த வகைக் கல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு பழக்கமானது. 18 மில்லிமீட்டர் கனமுள்ள, மெருகேற்றிய ஸ்லாப்புகள் வந்து இறங்கின. பந்திக் கூடமும் மணமேடை முன்புறமும் இந்த வெள்ளைக் கல்லாலும், மேடைப் படிகளும் சுவரோர ஸ்கர்ட்டிங்கும் கறுப்புக் கல்லாலும் அமைக்கப்பட்டன.

பதித்த முறையில் புதுமை எதுவும் இல்லை. இரண்டு அங்குல உயரத்துக்குச் சிமென்ட் மணல் கலவை பரப்பி, மேலே சிமென்ட் பால் ஊற்றி, கல்லை வைத்துத் தட்டி மட்டம் பார்த்திருக்கிறார்கள். மேற்பரப்பில் சிந்திய சிமென்ட் பால் காய்ந்து இறுகியதும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து தரை முழுக்க ஊற்றித் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். கொத்தனார்கள் ‘ஆசிட் வாஷ்’ என்று சொல்வது இதைத்தான். அமிலம் ஊற்றும்போது கலவை முழுமையாகக் காய்ந்திருக்கவில்லை.

கறை தோன்றிய விதம்

ஆவணியில் மண்டபம் திறந்த சில நாட்களிலேயே கை கழுவும் தொட்டிகளுக்கு அருகிலும், கல்லும் கல்லும் சேரும் இணைப்புக் கோடுகளின் ஓரத்திலும் மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கியது. பந்தி நடக்கும் இடம் என்பதால், துப்புரவுப் பணியாளர்கள் அதை மஞ்சள் தண்ணீரோ சாம்பாரோ சிந்திய கறை என்று எண்ணிச் சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். கறை போகவில்லை; அடுத்த வாரங்களில் பழுப்பாக மாறிக் கூடத்தின் நடுப்பகுதிக்கும் பரவியது.

உரிமையாளர் அழைத்ததும் கல் பதித்த கொத்தனார் வந்து, கறை படிந்த இடங்களில் மறுபடியும் அமிலம் ஊற்றிக் கழுவினார். தரை உடனே வெளுத்தது. இரண்டொரு நாளில் கறை முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பியது. மூன்றாவது தடவையும் இதையே செய்தார்கள்; பழுப்பு செம்பழுப்பானது. கனிமவியல் கற்பிக்கும் எங்களிடம் இந்தச் செய்தி வந்தது புரட்டாசியில்.

நேரில் பார்த்தபோது மூன்று இடங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தன. இந்த மூன்று இடங்களும் அமையாமல் போயிருந்தால், இந்த ஆய்வு இவ்வளவு தெளிவான முடிவுக்கு வந்திருக்காது. முதலாவது, அமிலம் பட்ட திறந்த தரை. இங்கே கறை கடுமை. இரண்டாவது, கழுவும் முன்பே கனமான மரமேடையை இழுத்துப் போட்டு மூடிவிட்ட ஒரு துண்டு. அங்கே அதே கல், அதே கலவை, ஆனால் அமிலம் படவில்லை; ஓரிரு மங்கலான புள்ளிகள் மட்டுமே இருந்தன. மூன்றாவது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த மிச்சக் கற்கள். அவை மழையில் நன்றாக நனைந்திருந்தும் ஒரு கல்லில்கூடப் பழுப்பு இல்லை.

மூன்று தரப்பு விளக்கங்கள்

உரிமையாளர் இது கிரானைட்டே இல்லை, ஏமாற்றுக் கல் என்று உறுதியாக நம்பினார். கல் விற்றவரோ, “அண்ணாச்சி, கல்லுல ஒரு குறையும் இல்ல. உங்க போர் தண்ணியிலதான் துரு இருக்கு” என்றார். கொத்தனாருடைய விளக்கம் வேறு: “எந்த வீட்டுக்குக் கல் போட்டாலும் ஆசிட் ஊத்தித்தான் கழுவுறோம் ஐயா. இந்தக் கல்லுல செவப்பு செவப்பா இருக்கு பாருங்க, அதுதான் துருப்பிடிக்குது.”

மூவரும் தங்கள் அனுபவத்திலிருந்தே பேசினார்கள். யாரும் பொய் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே மூன்றையும் சோதித்துப் பார்க்கத்தக்க கருத்துகளாகவே எடுத்துக்கொண்டோம்.

தண்ணீரைப் பற்றிய ஐயம் எளிதில் தீர்ந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு மிகக் குறைவாக இருந்தது; அதே நீரில் ஆண்டுக்கணக்காகக் கழுவப்பட்டுவரும் வெள்ளைப் பீங்கான் தொட்டிகளிலும் துருக்கோடு இல்லை. போலிக் கல் என்ற ஐயத்துக்கு முதற்கட்டச் சோதனைகள் எளியவை. பேனாக் கத்தி முனை பரப்பில் கீறலை ஏற்படுத்தாமல் வழுக்கியது. ஒரு சொட்டு அமிலம் விட்டபோது நுரைக்கவில்லை. பளிங்கோ சுண்ணாம்புக் கல்லோ ஆக இருந்தால் இரண்டும் மாறி நடந்திருக்கும். அசிட்டோன் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்தபோது சாயமும் ஒட்டவில்லை. ஆனால் கிரானைட் என்று சொல்வதற்கு இவை போதா. கல்லின் கனிமங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லுக்குள் இருந்தவை

கிரானைட் என்பது ஒரே பொருள் அன்று; பல கனிமங்களின் மணிகள் ஒன்றோடொன்று இறுகக் கோத்துக்கொண்ட பாறை. அதன் இலக்கணத்தைப் பாறையியலாளர்கள் மூன்று கனிமங்களை வைத்து வகுத்திருக்கிறார்கள்: குவார்ட்ஸ், பொட்டாசியம் மிகுந்த கார ஃபெல்ட்ஸ்பார், சோடியமும் கால்சியமும் கொண்ட பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் முன்னின்று உருவாக்கி, 1970களில் உலக அளவில் ஏற்கப்பட்ட வகைப்பாட்டின்படி, இம்மூன்றின் கூட்டுத்தொகையில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதமும், ஃபெல்ட்ஸ்பார்களுக்குள் பிளாஜியோகிளேஸ் 10 முதல் 65 சதவீதமும் இருந்தால் அது கிரானைட். கருமைக்கா எனப்படும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், கார்னெட், மேக்னடைட் போன்ற கருங்கனிமங்கள் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. பெயர் சூட்டுவதற்கு அவை தேவையில்லை என்பதால், கல்லை வாங்குவோரும் விற்போரும் அவற்றை மறந்துவிடுகிறார்கள்.

மிச்சக் கல் ஒன்றிலிருந்தும், கறை படிந்த தரைக்கல் ஒன்றிலிருந்தும் துண்டுகள் வெட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் மென்தகடுகள் செய்தோம். வெட்டிய பரப்பின் மறுபாதியில் ஃபெல்ட்ஸ்பார்களைப் பிரித்தறியச் சாயமேற்றினோம். ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆவியில் காட்டி, சோடியம் கோபால்டிநைட்ரைட் கரைசலில் தோய்த்ததும், அதுவரை ஒரே வெண்மையாகத் தெரிந்த பரப்பில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மணிகள் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாகின. பிளாஜியோகிளேஸ் வெளிறி நின்றது. குவார்ட்ஸ் கண்ணாடிச் சாம்பலாகவே இருந்தது. மாணவர்களுக்கு எத்தனை முறை செய்து காட்டினாலும் சலிக்காத சோதனை இது. இந்த ஆவி மிகக் கொடியது என்பதால், உரிய புகைபோக்கி அறையும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

ஒளியை ஒரே தளத்தில் அதிரவிட்டுக் கனிமங்களைப் பிரித்தறிய உதவும் தளவிளைவு நுண்ணோக்கியில், புள்ளி எண்ணும் முறையில் கிடைத்த கூட்டமைவு, கன அளவில் ஏறத்தாழ இவ்வாறு அமைந்தது: குவார்ட்ஸ் 34 சதவீதம், பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் 38, பிளாஜியோகிளேஸ் 21, கார்னெட் 4, பயோடைட் 2, எஞ்சிய ஒன்றில் இல்மனைட், ஸிர்கான், அபடைட் போன்றவை. முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் குவார்ட்ஸ் 37 சதவீதத்தை ஒட்டியும், ஃபெல்ட்ஸ்பார்களில் பிளாஜியோகிளேஸ் 36 சதவீதத்தை ஒட்டியும் வருகின்றன. கனிமக் கூட்டமைவின்படி இது ஐயமின்றிக் கிரானைட்.

பாறை உருவான வரலாற்றின்படி பார்த்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குவார்ட்ஸ் மணிகள் ஒரு திசையில் நீண்டும், ஒளி மறையும்போது அலை அலையாக மங்கியும் தெரிந்தன. ஆழத்தில் பெருவெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி உருமாறிய, கார்னெட் தாங்கிய நைஸ் பாறை இது. மதுரை வட்டாரம் முழுவதும் இத்தகைய பாறைகள் பரந்துகிடக்கின்றன. கல் வணிகத்தில் மெருகேறும் கடினமான பாறை அனைத்தும் கிரானைட்தான். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கண்டு 1893இல் தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயரிட்ட பாறையும் அந்தப் பெயரில்தான் விற்பனையாகிறது. இந்த மண்டபத்துப் படிகளில் இருந்த கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் இல்லை என்றே சொல்லலாம். அது கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸும், பைராக்ஸீன் என்ற இரும்பு தாங்கிய கருங்கனிமமும் சேர்ந்த டாலரைட். வணிகப் பெயரில் ஏமாற்று இருப்பதாக நாங்கள் கருதவில்லை. ஆனால் அமிலத்தையும் ஈரத்தையும் எதிர்கொள்ளும்போது, கல் தன் கனிமங்களின்படியே நடந்துகொள்ளும்.

இரும்பு எங்கிருந்து வந்தது

குவார்ட்ஸிலும் ஃபெல்ட்ஸ்பாரிலும் இரும்பு மிகச் சொற்பம். எனவே சந்தேகம் கார்னெட்டின் மீதும் பயோடைட்டின் மீதும் விழுந்தது. கண்ணுக்குத் தெரிவது சிவந்த கார்னெட். ஊர்வழக்கில் காக்காப்பொன் எனப்படும் மைக்கா இனத்தைச் சேர்ந்த பயோடைட்டோ, இந்தக் கல்லில் மிகச் சிறிய கருஞ்செதில்களாக ஒளிந்திருந்தது. அதனால் கொத்தனார் கார்னெட்டைச் சுட்டியது இயல்பே.

ஒரு சிறிய கணக்கு இதைத் தெளிவாக்கும். 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர அடிக் கல்லின் எடை ஏறத்தாழ 4.4 கிலோ. அதில் 2 சதவீதப் பயோடைட் என்றால் சுமார் 100 கிராம். அதற்குள் இரும்பு 15 கிராம் அளவில் இருக்கும். கார்னெட் அடர்த்தி மிக்கது என்பதால் 4 சதவீதமே 270 கிராம் அளவுக்கு வரும். அதற்குள் இரும்பு 65 கிராம் வரை இருக்கலாம். இரும்பின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் கார்னெட்டே முதற் குற்றவாளி. ஆனால் கார்னெட்டின் கட்டமைப்பு எல்லாத் திசையிலும் இறுகியது. நீர்த்த அமிலம் அதை எளிதில் தொடாது. பயோடைட்டோ, ஏட்டுச் சுவடி போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏடுகளின் விளிம்பு திறந்திருக்கும் இடத்தில் அமிலம் உள்ளே புகுந்து பொட்டாசியத்தையும் இரும்பையும் மெக்னீசியத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

மென்தகட்டில் இது அப்படியே தெரிந்தது. கறை படிந்த கல்லின் தகட்டில், பழுப்புக் கோடுகள் பயோடைட் செதில்களின் நுனியில் தொடங்கி, குவார்ட்ஸுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் இடையிலான மணி எல்லைகளின் வழியே, மயிரிழையைவிட மெல்லியதாகக் கிளைவிட்டு மேற்பரப்பை நோக்கி ஏறின. கார்னெட் மணிகளின் உட்புறம் தெளிவாக, குறுக்குத் தளவிளைவில் முழு இருளாகவே நின்றது. ஆனால் அவற்றின் விரிசல்களில் பிற்காலத்தில் வளர்ந்த பயோடைட்டும், அதைப் போன்றே ஏடுகளாக அமைந்த பச்சைக் கனிமமான குளோரைட்டும் இருந்த இடங்களில் மட்டும் பழுப்பு ஓடியிருந்தது. ஆகவே கொத்தனார் சொன்னதில் பாதி சரி: கறை சிவப்புப் புள்ளிகளைச் சுற்றித் தொடங்கியது உண்மை, துருவைத் தந்தது அந்தச் சிவப்பு அன்று, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த கருமை.

அமிலத்தின் பங்கை உறுதிசெய்ய, மிச்சக் கல்லைத் துண்டுகளாக்கிச் சோதித்தோம். ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றை நீர்த்த அமிலத்திலும் ஊறவைத்தோம். துண்டு ஊறிய அமில நீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலைச் சொட்டியதும் அடர்நீலம் எழுந்தது. ஃபெரஸ் நிலையிலுள்ள, அதாவது இன்னும் துருவாக மாறாத இரும்பு கரைந்து வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வெறும் நீரில் நிறமாற்றம் இல்லை. பிறகு ஈரமான சிமென்ட் கலவைத் தட்டுகளின்மேல் அமிலம் பட்ட துண்டையும் படாத துண்டையும் அருகருகே வைத்தோம். ஒரு வாரத்துக்குள் முதல் துண்டின் மேற்பரப்பில், மண்டபத்தில் கண்ட அதே மஞ்சள் தோன்றியது. மற்றொன்றில் இரண்டு மூன்று புள்ளிகளே. மரமேடைக்கு அடியில் கண்டதற்கு இது ஒத்திருந்தது.

நடந்தது இதுதான். அமிலம் பயோடைட்டிலிருந்து இரும்பைக் கரைத்தது. அமிலச் சூழலில் ஃபெரஸ் இரும்பு நிறமின்றிக் கரைந்தே இருக்கும். அதனால் கழுவியவுடன் தரை வெளுத்துத் தெரிந்தது. கல்லுக்கு அடியில் இருந்த சிமென்ட் கலவையோ கடும் காரத்தன்மை உடையது, ஈரமும் மிக்கது. கீழிருந்து நுண்புழை ஏற்றத்தால் மேலேறிய ஈரம் அமிலத்தை நடுநிலையாக்கியது. அமிலத்தன்மை குறைந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஃபெரஸ் இரும்பை விரைந்து ஃபெரிக் நிலைக்கு மாற்றியது. ஃபெரிக் இரும்பு நீரில் நில்லாமல் பழுப்பு நிற ஹைட்ராக்சைடாகப் படிந்தது. நீர் ஆவியாகும் இடம் மேற்பரப்பும் இணைப்புக் கோடுகளும் என்பதால் படிவும் அங்கேயே சேர்ந்தது. மறுபடி ஊற்றிய ஒவ்வொரு தடவை அமிலமும், படிந்திருந்த துருவைக் கரைத்து உள்ளே இறக்கியதோடு, புதிய இரும்பையும் அவிழ்த்துவிட்டது.

இந்த இடத்தில் உரிமையாளர் கேட்ட கேள்வி கூர்மையானது. கறுப்புக் கல்லில் இரும்பு இன்னும் அதிகம் என்றால், படிகளில் ஏன் துரு இல்லை? விளக்கை வைத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னோம். படிகளில் அமிலம் வழிந்த இடமெல்லாம் மெருகு மங்கிக் கிடந்தது. கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸை ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரிக்கும். வெள்ளைக் கல்லில் உள்ள சோடியம் மிகுந்த பிளாஜியோகிளேஸையும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரையும் அது அவ்வளவாகத் தொடுவதில்லை. கறுப்புக் கல்லிலும் சேதம் நடந்திருக்கிறது. அதன் நிறம் பழுப்பை மறைத்துக்கொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அமிலம் என்ற பெயரில் எதுவும் இனித் தரையில் படக்கூடாது என்பது. கடையில் கிடைக்கும் துருநீக்கிகளில் சிலவற்றில் ஃபுளோரைடு உப்புகள் உண்டு. அவை குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையுமே கரைத்து மெருகை அழிப்பதோடு, கையில் பட்டால் வலி தெரியும் முன்பே தசையை ஊடுருவிப் பெருங்கேடு செய்யும். அத்தகைய புட்டி ஒன்றை வேலையாட்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். ஆக்சாலிக் அமிலம் பற்றியும் பேச்சு எழுந்தது. அது துருவை இளக்கும் என்பது உண்மையே. ஆனால் அதுவும் அமிலம், பயோடைட்டை விட்டுவைக்காது என்பதால் வேண்டாம் என்றோம்.

இரண்டாவது, மேற்பரப்பைத் தேய்த்து மறுமெருகு போடுவதில்லை என்பது. உரிமையாளர் பெரிதும் விரும்பிய வழி இது. உடனே கண்ணுக்குப் பலன் தெரியும். ஆனால் இரும்பு கல்லின் மணி எல்லைகளில் ஆழம்வரை இருந்தது, கீழே ஈரமும் இருந்தது. மேலே ஒரு மில்லிமீட்டரைத் தேய்த்தெடுத்தால், உள்ளிருந்து அடுத்த படிவு அதே பரப்புக்கு வந்து சேரும்.

மூன்றாவது முடிவு எல்லாருக்கும் கசந்தது: காத்திருப்பது. ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை தரை காயாது. காயாத தரையில் செய்யும் எந்தச் சிகிச்சையும் நில்லாது. நல்ல முகூர்த்தங்கள் உள்ள அந்த மாதங்களில் மண்டபத்தைக் கறையோடேயே நடத்த வேண்டியிருந்தது. பந்திக் கூடத்தில் விரிப்பு போட்டுச் சமாளித்தார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தடித்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி இரவு முழுவதும் தரையில் விட்டு, காலையில் உட்புறம் நீர்த்துளி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை மண்டபக் காவலரே செய்யக் கற்றுக்கொண்டார். மேற்பூச்சுக் காப்பு எதையும் ஈரம் போகும் முன் பூசக்கூடாது என்பதிலும் உறுதியாக நின்றோம். ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டால் கல் மேலும் மங்கும்.

நான்காவது, துருவை நீக்கும் முறை. மண் வேதியியலில் 1960 முதல் வழங்கிவரும் ஒரு முறையைத் தழுவினோம்: சோடியம் சிட்ரேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் கரைத்த நீரில் சோடியம் டைதயோனைட்டைச் சேர்த்து, சீனக் களிமண்ணில் குழைத்துப் பற்றாகப் போடுவது. டைதயோனைட் ஃபெரிக் இரும்பைக் கரையத்தக்க ஃபெரஸ் நிலைக்கு மீட்கிறது. சிட்ரேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பைகார்பனேட் கலவையை அமிலமாக விடாமல் காக்கிறது. இந்தக் கடைசிப் பொருளே எங்கள் தேர்வின் அடிப்படை. அமிலச் சூழல் இன்றித் துருவைக் கரைத்தால், பயோடைட்டிலிருந்து புதிதாக இரும்பு கிளம்புவது மிகக் குறையும்.

யார் குற்றம் என்று அறிக்கையில் எழுத வேண்டும் என்று உரிமையாளரும் கல் விற்றவரும் தனித்தனியே கேட்டார்கள். கல்லின் கனிமக் கூட்டமைவு, அமிலத்தின் விளைவு, ஈரத்தின் வழி ஆகிய மூன்றையும் சான்றுகளோடு எழுதினோம். பழியைப் பங்கிட்டுத் தருவது எங்கள் வேலை அன்று என்று கருதினோம். அறிக்கையை வைத்து அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். மிக மோசமான கற்களுக்கு மாற்றுக் கல்லைக் கடைக்காரர் கொடுத்தார். கூலியைக் கொத்தனார் ஏற்றார். மருந்துச் செலவு உரிமையாளருடையது.

தொடர்ந்து நடந்தவை

மார்கழியில் மண்டபம் ஓய்ந்ததும் வேலை தொடங்கியது. முதலில் ஒரு மூலையில் ஒரே ஒரு கல்லில் மட்டும் பற்று போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுநாள் எடுத்தோம். பற்றின் அடிப்புறம் வெளிர் மஞ்சளாகியிருந்தது. கல்லின் செம்பழுப்பு பெருமளவு இறங்கியிருந்தது. மெருகில் மாற்றம் தெரியவில்லை. இதன் பிறகே கூடம் முழுவதற்கும் இசைவு கொடுத்தோம். டைதயோனைட்டிலிருந்து கந்தக நெடி எழும் என்பதால் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, மின்விசிறிகளை வெளிநோக்கித் திருப்பி, வேலையாட்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்தே செய்தோம். அந்தத் தூளை ஈரம் படாமல் வைப்பதும் முக்கியம். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

பற்றை எடுத்த பின் நல்ல நீரால் பலமுறை துடைப்பதில் வேலையாட்கள் முதலில் அக்கறை காட்டவில்லை. கரைந்த ஃபெரஸ் இரும்பு கல்லிலேயே தங்கிவிட்டால் காற்றுப் பட்டதும் மறுபடி பழுப்பாகும். துடைத்த கல், துடைக்காத கல் இரண்டையும் இரண்டு நாள் கழித்து அருகருகே காட்டிய பிறகு, யாரும் சொல்லாமலே துடைத்தார்கள்.

மணமேடை முன்புறமும் கூடத்தின் நடுப்பகுதியும் ஏறக்குறையப் பழைய வெண்மைக்குத் திரும்பின. மும்முறை அமிலம் கண்ட இடங்களில் ஒரு தடவைப் பற்று போதவில்லை. இரண்டாவதற்குப் பின்னும் இணைப்புக் கோடுகளின் ஓரம் மெல்லிய மஞ்சள் எஞ்சியது. அது இன்றும் இருக்கிறது. கற்களை மாற்றிய இடங்களில் கலவையை முழுதாகக் காயவிட்டு, பதிக்கும் முன்பே கல்லின் அடிப்புறத்துக்கும் பக்கங்களுக்கும் நீர்புகாப் பூச்சு கொடுத்தோம். தை பிறந்த பிறகு, தாள் சோதனையில் ஈரம் காட்டாத பகுதிகளுக்கு மட்டும், நீராவியை வெளியே விடும் வகை ஊடுருவு காப்பு பூசப்பட்டது.

பங்குனியில் கை கழுவும் தொட்டிகளுக்கு அருகில் மட்டும் பழுப்பு திரும்பியது. அங்கே தாள் சோதனையில் நீர் முத்து முத்தாகக் கோத்தது. சுவருக்குள் ஓடிய கழிவுநீர்க் குழாயின் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. தொட்டி கட்டிய காலத்திலிருந்தே கசிந்திருக்க வேண்டும். குழாயை மாற்றி, தரையைக் காயவிட்டு, மறுபடி பற்று போட்டோம். அடுத்த ஆடியில் பார்த்தபோது அந்த இடத்திலும் புதுக்கறை இல்லை. மங்கிய கறுப்புப் படிகளுக்கு வைரத்தூள் கொண்டு மறுமெருகு போடப்பட்டது. அவற்றுக்கு வேறு வழி இல்லை.

மாற்ற வேண்டியவை

இந்தக் கல்லின் நீர் உறிஞ்சளவு 0.3 சதவீதத்தை ஒட்டியிருந்தது. கட்டடக் கிரானைட்டுக்கான அமெரிக்கத் தரநிலை ஏ.எஸ்.டி.எம். சி 615 அனுமதிக்கும் உச்ச அளவு 0.40 சதவீதம். அதாவது, வழக்கமான சோதனைகளில் இந்தக் கல் தேறிவிடும்; தேறியும் கறை படிந்தது. உறுதியும் உறிஞ்சளவும் கல்லில் எந்தக் கனிமம், எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லமாட்டா. இயற்கைக் கட்டடக் கற்களை அடையாளம் காண்பதற்கென்றே ஐ.எஸ். 1123 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஒரு மண்டபத்துக்கோ மருத்துவமனைக்கோ கல் வாங்கும்போது ஒரு மென்தகட்டுக்கு ஆகும் செலவு, மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கதே அன்று. வெளிர்நிறக் கல் என்றால் பயோடைட் எவ்வளவு, அது புதியதா சிதைந்ததா, பைரைட் போன்ற, துருப்பிடிக்கக்கூடிய சல்ஃபைடு கனிமங்கள் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்பே பணம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பயோடைட் இருப்பதாலேயே ஒரு கல்லைத் தள்ளிவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை; அப்படித் தள்ளினால் கிரானைட்டில் பெரும்பகுதி தள்ளுபடியாகிவிடும். மழையில் கிடந்த மிச்சக் கற்கள் கறையின்றியே இருந்தன. ஈரக் கலவையின்மேல் ஒரு துண்டை வைத்து ஒரு வாரம் பார்ப்பது எந்தக் கொத்தனாரும் செய்யக்கூடிய சோதனை. அதே உரிமையாளர் மாடிக் கூடத்துக்குக் கல் எடுத்தபோது மூன்று வகைகளை இவ்வாறு சோதித்து, மஞ்சள் காட்டிய ஒன்றை விலக்கிவிட்டு வாங்கினார்.

மாடி வேலையில் அமிலம் பயன்படுத்தப்படவில்லை. சிமென்ட் பால் இறுகும் முன்பே, பதித்த அன்றைக்கே ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுத்தார்கள். தப்பி இறுகியவற்றை பிளாஸ்டிக் சுரண்டியால் நீக்கினார்கள். இதற்குத் தினமும் ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அமிலக் கழுவல் நிலைத்திருப்பதற்கு, அது இந்தக் கூலியை மிச்சப்படுத்துகிறது என்பதே முதன்மைக் காரணம். ஆகவே அந்த ஓர் ஆள் கூலியை யார் தருவது என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். மாடிக் கூடத்து ஒப்பந்தத்தில் அது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதப்பட்டது.